கேள்வி பதில்: அங்க கவர்னர் திரும்ப வந்து வோட்டுக் கேக்கிறார், இஞ்ச?

இந்த முறை வந்த கேள்வியில கனக்க அமெரிக்காவின்ட கவர்னர் எலக்ஷனைப் பத்தித்தான் இருக்கு. 2026 நவம்பர் 3ஆம் திகதி அங்க 36 மாநிலத்தில கவர்னருக்கு வோட்டு, மட்டக்களப்பு அம்பாறையில இருந்து போன பிள்ளைகளும் அங்க இருக்கிறதால ஃபோன்ல கதைக்கக்குள்ள இந்தக் கதை வாறது புதினமில்ல. ஒரே மாதிரிக் கேள்விகளை ஒண்டாக்கிப் பதில் எழுதியிருக்கன்.

எங்கட மகள் டெக்ஸாஸில இருக்கிறா. அங்க இப்ப இருக்கிற கவர்னர் நாலாவது தரமும் கேக்கிறாராம். அமெரிக்க ஜனாதிபதிக்கே ரெண்டு தரத்துக்கு மேல ஏலாதே, கவர்னருக்கு மட்டும் எப்பிடி?
(ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், கல்லடி)

ஐயா, அந்த ரெண்டு தரம் எண்ட கட்டுப்பாடு ஜனாதிபதிக்கு மட்டும் போட்டது, 1951ல வந்த 22ஆவது திருத்தம். கவர்னர் விசயத்தில ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனி அரசியலமைப்பு, அதில என்ன எழுதியிருக்கோ அதுதான் சட்டம். டெக்ஸாஸில எல்லையே இல்ல. கிரெக் அபொட் 2014, 2018, 2022 எண்டு மூண்டு தரம் வெண்டு இப்ப நாலாவதுக்கும் வாறன் எண்டு அறிவிச்சவர், அவருக்கு முதல் இருந்த ரிக் பெரி 2000 டிசம்பர்ல இருந்து 2015 ஜனவரி வரைக்கும் பதினாலு வருசம் இருந்தவர். ஐயோவா மாநிலத்தில டெரி பிரான்ஸ்டட் எண்டவர் 1983ல இருந்து 1999 வரைக்கும் இருந்து, பொறகு வீட்ட போய், திரும்ப 2011ல வந்து 2017 வரைக்கும் இருந்தார், கூட்டினா 22 வருசத்துக்கும் மேல. கலிபோர்னியாவில அப்பிடி ஏலாது, வாழ்நாளுக்கே ரெண்டு தரம்தான், அதனாலதான் ரெண்டு தரமும் வெண்ட கவின் நியூசம் இந்த முறை அங்க நிக்க ஏலாது. வேர்ஜினியாவில இன்னும் இறுக்கம், பதவியில இருக்கிறவர் அடுத்த எலக்ஷன்ல நிக்கவே ஏலாது, ஒரு தவணை விட்டுத்தான் வரலாம்.

எங்கட நாட்டிலயும் இந்தக் கூத்து நடந்ததுதானே ஐயா. 1978 அரசியலமைப்பில ஜனாதிபதிக்கு ரெண்டு தரம் எண்டு இருந்ததை 2010ல 18ஆவது திருத்தத்தால எடுத்தாங்க, எடுத்த மஹிந்த ராஜபக்ஷ மூண்டாவது தரம் கேட்டு 2015 ஜனவரி 8ல தோத்தார், அந்த வருசமே 19ஆவது திருத்தத்தால கட்டுப்பாடு திரும்ப வந்திச்சு. சட்டம் எல்லை போடுறது நல்லதுதான், அதை நான் ஆதரிக்கிறன். ஆனா அதைவிடப் பெரிய விசயம், பதவியில இருக்கிற மனுசன் திரும்ப சனத்துக்கிட்ட வந்து நிக்கவேண்டிய கட்டாயம் இருக்கா இல்லையா எண்டதுதான். உங்கட மகள்ட மாநிலத்தில எத்தினை தரமும் கேக்கலாம், ஆனா கேட்டுத்தான் ஆகணும்.

பதவியில இருக்கிற கவர்னர் நிண்டா வெல்லுறது நிச்சயம்தானே? காசு அவரிட்ட, பேர் அவருக்கு, பிறகென்ன போட்டி?
(ஆசிரியை, ஆரையம்பதி)

பெரும்பாலும் அப்பிடித்தான் தங்கச்சி. 2022ல கவர்னரா இருந்துகொண்டே நவம்பர் எலக்ஷன்ல நிண்டவங்கள்ல நெவாடாவின்ட ஸ்டீவ் சிசொலாக் ஒருத்தர்தான் தோத்தார், மத்த எல்லாரும் வெண்டாங்க. பேர் தெரிஞ்ச முகம், காசு குடுக்க ஆக்கள் வரிசையில, புயல் வெள்ளம் எண்டா ரீவியில முன்னுக்கு நிக்கிறதும் அவர்தான்.

ஆனா நீங்க ரீச்சர் எண்டதால கென்டக்கி மாநிலத்தின்ட கதையை உங்களுக்குக் கட்டாயம் சொல்லணும். அங்க மட் பெவின் எண்டவர் கவர்னரா இருந்தார், ட்ரம்ப்பின்ட கட்சி, 2016 ஜனாதிபதி எலக்ஷன்ல ட்ரம்ப் 30 வீத வித்தியாசத்தில அள்ளின மாநிலம், ஆளை அசைக்கேலாது எண்டுதான் எல்லாரும் நினைச்சிருப்பாங்க. 2018 மார்ச்ல ரீச்சர்மார்ர பென்ஷனை மாத்துற சட்டம் ஒண்டு வருது, எப்பிடி வருது தெரியுமா, கழிவுநீர் சம்பந்தமான ஒரு சட்டமூலம் ஏற்கெனவே சபையில இருந்திச்சு, அதுக்குள்ள இருந்ததை எடுத்துப்போட்டு பென்ஷன் விசயத்தை உள்ளுக்குப் போட்டு அண்டைக்கே நிறைவேத்தினாங்க. அடுத்த நாள் விடிய ரீச்சர்மார் சுகயீன லீவு அடிச்சாங்க, பல மாவட்டத்தில பள்ளிக்கூடம் பூட்டு. தலைநகர் ஃபிராங்ஃபோர்ட்டுக்கு பஸ் பஸ்ஸாப் போய் சட்டசபை வாசல்ல நிண்டாங்க. அந்த நேரம் கவர்னர் வாயை விட்டார், பள்ளிக்கூடம் மூடினதால எங்கயோ ஒரு பிள்ளை வீட்டில தனிய இருந்து பாலியல் கொடுமைக்கு ஆளாகியிருக்கும் எண்டு சொன்னார். பொறகு மன்னிப்புக் கேட்டார்தான், ஆனா சொன்னது சொன்னதுதானே, வருசக்கணக்கா அடுத்தவன்ட பிள்ளையைப் பாத்த ஆக்களுக்கு அந்தக் கதை எப்பிடிச் சுட்டிருக்கும் எண்டு உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்ல.

அந்தச் சட்டத்தை எதிர்த்துக் கோட்டுக்குப் போனவர் அந்த மாநிலத்தின்ட சட்டமா அதிபர் அன்டி பெஷியர், அவரும் சனத்தின்ட வோட்டால வந்தவர். 2018 டிசம்பர்ல கென்டக்கி உயர் நீதிமன்றம் சட்டத்தை ரத்துச் செய்திச்சு. பிறகு அதே பெஷியர் கவர்னருக்கு நிண்டார், துணை கவர்னருக்குத் தன்னோட சேர்த்தது பள்ளிக்கூடத்தில வேலை செய்த ஜக்குலின் கோல்மன் எண்ட பெண்ணை. பெவினுக்கு 2019 மேயில சொந்தக் கட்சிக்குள்ள நடந்த தெரிவிலயே பாதிக்குக் கொஞ்சம் கூடத்தான் விழுந்திச்சு. அது ஒரு சமிக்ஞை. கடைசி நேரம் ட்ரம்ப்பே வந்து எலக்ஷனுக்கு முதல்நாள் ராத்திரி லெக்சிங்டன்ல கூட்டம் போட்டும் சரிவரல்ல, 14 லட்சத்துக்கு மேல விழுந்த வோட்டில 5,000 சொச்சத்தால பெவின் தோத்தார். பெஷியர் 2023ல திரும்பவும் வெண்டார்.

5,000 வோட்டு எண்டா என்ன தங்கச்சி, எங்கட ரெண்டு மூண்டு ஊர்ச் சனம். எங்கட பக்கம் தொண்டர் ஆசிரியர்மார் எத்தினை வருசமா மனுவைத் தூக்கிக்கொண்டு திருகோணமலையில ஆளுநர் அலுவலகத்து வாசல்ல நிண்டவங்க, வெயிலுக்கு ஷோலைத் தலையில போட்டுக்கொண்டு, பிள்ளையை இடுப்பில வச்சுக்கொண்டு. அவங்களிட்ட இருந்தது மனு மட்டும்தான். கென்டக்கி ரீச்சர்மார்ர கையில மனுவும் இருந்திச்சு வோட்டும் இருந்திச்சு.

அப்ப எங்கட கிழக்கு மாகாண ஆளுநருக்கு ஏன் எலக்ஷன் இல்ல?
(வியாபாரி, ஏறாவூர்)

நானா, 1987ல வந்த 13ஆவது திருத்தத்தில ஆளுநரை ஜனாதிபதி நியமிக்கிற எண்டுதான் எழுதியிருக்கு. பதவிக்காலம் அஞ்சு வருசம், ஆனா ஜனாதிபதி விரும்புற வரைக்கும்தான். அப்பிடி ஒரு ஆளுநர் இருக்கிறது தன்னில தனிய பெரிய பிழை எண்டு நான் சொல்லல்ல, ஏனெண்டா அவருக்குப் பக்கத்தில சனம் வோட்டுப் போட்டு அனுப்பின மாகாண சபையும் முதலமைச்சரும் இருக்கணும், அமைச்சர்மார்ர ஆலோசனைப்படிதான் அவர் நடக்கணும், அதுதான் கணக்கு.

அந்தப் பக்கம்தான் இப்ப வெறுமையாக் கிடக்கு. வடக்கும் கிழக்கும் பிரிஞ்ச பொறகு 2008 மே மாசம் 10ஆம் திகதி முதலாவது கிழக்கு மாகாண சபை எலக்ஷன், சிவநேசதுரை சந்திரகாந்தன் முதலமைச்சர். 2012 செப்டெம்பர் 8ல ரெண்டாவது. அதில 37 ஆசனத்தில ஐக்கிய மக்கள் சுதந்திர முன்னணிக்கு 14, தமிழரசுக் கட்சிக்கு 11, முஸ்லிம் காங்கிரஸுக்கு 7, ஐக்கிய தேசியக் கட்சிக்கு 4, தேசிய சுதந்திர முன்னணிக்கு 1. முதலமைச்சரா இருந்தவருக்குத் திரும்ப அந்தக் கதிரை கிடைக்கல்ல, நஜீப் அப்துல் மஜீத் வந்தார், 2015ல ஹாபிஸ் நஸீர் அஹமட் வந்தார். பாத்தீங்களா, ஆள் மாறினது, சனமும் கட்சிகளும் சேர்ந்து மாத்தினது. நல்லதோ கெட்டதோ, அது எங்கட கையால நடந்தது.

2017 செப்டெம்பர் 30ஓட அந்தச் சபையின்ட காலம் முடிஞ்சது. அந்த வருசமே எலக்ஷன் முறையை மாத்துற சட்டம் கொண்டுவந்தாங்க, தொகுதி பிரிக்கணும் எண்டாங்க, பிரிச்ச அறிக்கை 2018 ஆகஸ்ட்ல பாராளுமன்றத்துக்கு வந்தப்போ ஒரு வோட்டுக்கூட ஆதரவா விழாம தோத்துப்போச்சு. பழைய முறைக்கும் திரும்பல்ல, புது முறையும் இல்ல, எலக்ஷன் அப்பிடியே நிண்டு போச்சு. அந்த நேரம் ஆளுநரா இருந்த ரோஹித போகொல்லாகமவுக்குப் பொறகு ஹிஸ்புல்லாஹ், ஷான் விஜேலால் டி சில்வா, அனுராதா யஹம்பத், செந்தில் தொண்டமான், ஜயந்த லால் ரத்னசேகர எண்டு ஆளுநர்மார் மாறி மாறி வந்தாங்க. இவங்க ஒவ்வொருத்தரும் நல்லவரா கெட்டவரா எண்டு நான் இதில தீர்ப்பு எழுத வரல்ல. ஒருத்தரையும் நாங்க கூப்பிடல்ல, ஒருத்தரையும் நாங்க அனுப்பல்ல, அதுதான் எனக்கு நோகுது. மாகாணப் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மாகாண றோட்டு, ரீச்சர் இடமாற்றத்தைப் பாக்கிற மாகாண பொதுச்சேவை ஆணைக்குழு, எல்லாம் அவர்ர கையில.

இன்னொரு விசயமும் கனபேருக்குத் தெரியாது. ஆளுநர் அரசியலமைப்பை வேணுமெண்டு மீறினா, அதிகாரத்தைத் தப்பாப் பாவிச்சா, லஞ்சம் வாங்கினா அவரை நீக்கச் சொல்லி மாகாண சபை மூண்டில ரெண்டு பெரும்பான்மையால ஜனாதிபதிக்குத் தீர்மானம் அனுப்பலாம் எண்டு 13ஆவது திருத்தத்தில இருக்கு. சபையே இல்லாட்டி அந்தக் கதவும் பூட்டு.

தமிழ்நாட்டில ஆளுநரோட ஒரே சண்டை எண்டு நியூஸ்ல போகுது. அங்கயும் எலக்ஷன் வைக்கலாமே?
(மாணவன், காரைதீவு)

இந்தியாவிலயும் ஆளுநர் ஜனாதிபதியின்ட நியமனம்தான் மகன். ஆனா அங்க முதலமைச்சரும் சட்டசபையும் இருக்கிறதாலதான் சண்டையே வருது. சண்டை பிடிக்கவாவது சனத்தின்ட ஆள் ஒருத்தர் இருக்கிறார்.

வெண்ட கவர்னர் பிழை விட்டா நாலு வருசம் பொறுத்துக்கொண்டுதான் இருக்கணுமா?
(முச்சக்கர வண்டி ஓட்டுநர், அக்கரைப்பற்று)

நாலு வருசம் எல்லா இடத்திலயும் இல்ல, நியூ ஹம்ஷயரும் வெர்மொன்ட்டும் ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா. அதோட சில மாநிலத்தில திருப்பி அழைக்கிற முறையும் இருக்கு. கலிபோர்னியாவில கடைசி கவர்னர் எலக்ஷன்ல விழுந்த வோட்டில 12 வீதத்துக்குச் சமமான கையெழுத்துச் சேர்த்துக் குடுத்தா இடையிலயே எலக்ஷன் வைக்கணும். 2003ல கிரே டேவிஸ் அப்பிடித்தான் வீட்ட போனார், முதல் வருசம்தான் திரும்ப வெண்டு வந்தவர், ஒரு வருசத்துக்குள்ள போனார், அந்த இடத்துக்கு நடிகர் ஆர்னோல்ட் ஸ்வார்ஸ்நேகர் வந்தார். 2021ல நியூசத்துக்கும் இதே சோதனை வந்து 60 வீதத்துக்கு மேல ஆதரவோட தப்பினார். விஸ்கொன்சின்ல ஸ்கொட் வோக்கர் 2012ல தப்பினார், ஆனா மூண்டாவது தரம் கேட்டு 2018ல டோனி எவர்ஸிட்ட தோத்தார். அமெரிக்க வரலாறு முழுக்க இந்த முறையில பதவி போன கவர்னர் ரெண்டே பேர்தான், டேவிஸும் 1921ல வட டகோட்டாவின்ட லின் ஃபிரேசியரும். பாவிக்கிறது குறைவு, ஆனா இருக்கு எண்டு தெரிஞ்சாலே கதிரையில இருக்கிறவருக்கு ஒரு பயம் இருக்கும்.

அங்க 50 வீதம் எடுக்கணுமா? எங்கட 2024 ஜனாதிபதி எலக்ஷன் மாதிரி ரெண்டாம் விருப்பு எண்ணுவாங்களா?
(கிராம உத்தியோகத்தர், திருக்கோவில்)

பெரும்பாலான மாநிலத்தில கூட எடுத்தவர் வெற்றி, அவ்வளவுதான். ஜோர்ஜியாவில பாதிக்கு மேல வராட்டி முதல் ரெண்டு பேருக்கும் இன்னொரு எலக்ஷன். வெர்மொன்ட் வித்தியாசம், பாதி வராட்டி சட்டசபைதான் தெரிவு செய்யும், 2014ல கவர்னரா இருந்த பீட்டர் ஷம்லின் மூண்டாவது தரம் கேட்டு பாதியைத் தொடாமப் போனதால 2015 ஜனவரியில சட்டசபை வோட்டாலதான் கதிரையில இருந்தார். எங்கட மாதிரி 1, 2, 3 போட்டு எண்ணுற முறை கவர்னருக்கு அலாஸ்காவில இருக்கு.

தம்பி வீடு கலிபோர்னியாவில. வோட்டுச் சீட்டு வீட்டுக்கே தபால்ல வருமாம், குசினி மேசையில வச்சுப் போடுவாங்களாம். அப்ப கள்ள வோட்டு?
(குடும்பத்தலைவி, களுவாஞ்சிக்குடி)

ஓம் அக்கா, அங்க பதிஞ்ச வாக்காளர் எல்லாருக்கும் தபால்ல வருது. எங்கட போல புள்ளடி இல்ல, பேருக்குப் பக்கத்தில ஒரு சின்ன நீள்வட்டம், அதைப் பேனையால நிரப்பணும். கவர்னருக்கு மட்டும் எண்டு நினைக்காதீங்க, துணை கவர்னர், சட்டமா அதிபர், திறைசேரிக்காரர், கல்வி அத்தியட்சகர், காப்புறுதிக்குப் பொறுப்பானவர் எண்டு ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி வோட்டு, பிறகு நீதிபதிமார், பிறகு சட்டத்துக்கு ஓமா இல்லையா எண்ட கேள்விகள். ஒரு ராத்திரியில முடியாது, புருசனும் பெண்சாதியும் சாப்பாட்டுக்குப் பிறகு விளக்கப் புத்தகத்தைப் பிரிச்சு வச்சு வாசிச்சு வாசிச்சுத்தான் போடுவாங்க. பிறகு உறையில போட்டு உறைக்கு வெளியில கையெழுத்து. அந்தக் கையெழுத்தைப் பதிவில இருக்கிற கையெழுத்தோட ஒப்பிட்டுப் பாத்துத்தான் உறையைத் திறப்பாங்க, பொருந்தாட்டி ஆளுக்கு அறிவிச்சுத் திருத்தச் சந்தர்ப்பம் குடுப்பாங்க. தபால்லயும் அனுப்பலாம், றோட்டோரம் வச்சிருக்கிற இரும்புப் பெட்டியிலயும் போடலாம். விரல்ல மை மட்டும் இல்ல.

தம்பி பிரஜாவுரிமை எடுத்திட்டாரா எண்டு ஒருக்காக் கேளுங்க. கிரீன் கார்ட் மட்டும் எண்டா போடேலாது, தெரியாமப் பதிஞ்சா பெரிய கரைச்சலில கொண்டுபோய் விடும்.

ஆளுநரை நாங்க தெரிவு செய்திருந்தா எங்கட மேய்ச்சல்தரைப் பிரச்சினை தீர்ந்திருக்குமா?
(பண்ணையாளர், சித்தாண்டி)

அண்ணன், உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டன். மயிலத்தமடு மாதவனை மேய்ச்சல்தரைக் காணி மகாவலி அபிவிருத்தித் திட்டத்துக்குள்ள வருது, அது மத்திய அரசு, நல்லா நடக்கிற மாகாண சபை இருந்தாலும் முழுசாத் தீர்த்திருக்க ஏலாது. அமெரிக்காவிலயும் மேற்குப் பக்கம் பெரிய பெரிய மேய்ச்சல்தரை மத்திய அரசின்ட கையில, கவர்னரால அதில கை வைக்கேலாது.

ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. 2023 செப்டெம்பர்ல நீங்க சித்தாண்டியில றோட்டோரம் கொட்டில் போட்டுக் குந்தினீங்க, மாடு செத்த கணக்கைச் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ஞ்சீங்க. வாற வருசம் உங்களிட்ட வோட்டுக் கேட்டு வரவேண்டிய ஒருத்தர் மாகாணத்தின்ட கதிரையில இருந்திருந்தா அந்தக் கொட்டிலுக்கு முதல் கிழமையே வந்து பாயில இருந்திருப்பார். தீர்க்க ஏலாட்டியும் கொழும்புக்குப் போய் உங்களுக்காகச் சத்தம் போட்டிருப்பார், போடாட்டி நீங்க அடுத்த எலக்ஷன்ல கணக்குத் தீர்த்திருப்பீங்க. இப்ப ஆரிட்டக் கணக்குக் கேக்கிற? ஜனாதிபதி அனுப்பினவர் ஜனாதிபதிக்குத்தான் பதில் சொல்லுவார்.

எனக்கு 29 வயசு. மாகாண சபைக்கு ஒருநாளும் வோட்டுப் போடல்ல. எலக்ஷன் வந்தா எங்களுக்கு எத்தினை ஆசனம், என்ர பேர் இருக்கா எண்டு எப்பிடிப் பாக்கிற?
(தையல்காரி, வாழைச்சேனை)

மகள், கடைசியா நடந்தது 2012ல. அப்ப பதினேழு வயசில இருந்த பிள்ளைக்கே இப்ப முப்பது தாண்டிற்று, உங்கட வயசு ஆக்கள் ஒருத்தருக்கும் அந்தச் சந்தர்ப்பம் கிடைக்கவே இல்ல. உங்களுக்கு வரவேண்டியது அது, ஆரும் தாற தர்மம் இல்ல.

பழைய கணக்கில மட்டக்களப்புக்கு 11, அம்பாறைக்கு 14, திருகோணமலைக்கு 10, மேலதிகமா வெண்ட கட்சிக்கு 2, எல்லாம் 37. கட்சிக்கு ஒரு புள்ளடி, விருப்பு வாக்கு மூண்டு. அடுத்தது எந்த முறையில எண்டதைப் பாராளுமன்றம்தான் தீர்மானிக்கணும்.

பேர் பாக்கிறதுக்கு அடையாள அட்டை நம்பரைப் போட்டு தேர்தல் ஆணைக்குழுவின்ட இணையத்தளத்திலயே தேடலாம், இல்லாட்டி ஜி.எஸ். ஒஃபிஸில இடாப்பைக் காட்டச் சொல்லுங்க. கலியாணம் முடிச்சு வீடு மாறினவங்க, வெளிநாடு போய்த் திரும்பி வந்தவங்க பேர்தான் கூட விடுபடுற. விடுபட்டா உரிமைக்கோரிக்கைக்குக் குடுக்கிற நாளுக்குள்ள எழுத்தில குடுங்க, குடுத்ததுக்கு ஒரு பிரதியில திகதி போட்டுக் கையெழுத்தும் வாங்கி வையுங்க.